துணிதான் சுருங்கிடுச்சு

வாடிக்கையாளரின் கழுத்தில் அளவு டேப்பைச் சுற்றிவிட்டு ஆளே காணாமல் போவான் என் மச்சினன். டேப்பின் முனையை வந்தவரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "அப்படியே புடிங்க, ஆடாதீங்க, தோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பின்கதவைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவான். ஒருமுறை ஒருவர் அப்படி நின்ற இடத்திலேயே தாடி வளர்ந்து, கழுத்தின் அளவு தெரியாமல் போய், முதலில் சவரம் பண்ணிவிட்டுத்தான் சட்டைக்கு அளவெடுக்க வேண்டியதாயிற்று.

இது உண்மைக் கதை. என் இஸ்திரிப் பெட்டி மேல் கைவைத்துச் சொல்கிறேன், சூடாக இருக்கும்போதே வைத்துச் சொல்கிறேன். தாடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இன்னும் சில இடங்களிலும் இழுப்பேன். இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கம் போகும், என் தொழில் அப்படி. ஆனால் கழுத்து, ரத்தம், டாக்டர் வரும் இடங்களில் ஒரு நூல்கூட இழுக்கவில்லை. அந்த இடங்களில் நான் இழுக்கத் தேவையே இல்லாதபடி அவனே இழுத்தடித்துவிட்டான்.

அவனுடைய தையல் கடைக்கும் என் இஸ்திரி மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் அவன் அக்காவைக் கட்டிக்கொண்டவன். கல்யாணத்தில் அவளோடு இலவச இணைப்பாக இவனும் வந்து சேர்ந்தான். திருப்பிக் கொடுக்க இதுவரை யாரும் வழி சொல்லவில்லை.

தெருவில் அவனுக்கு இன்ச் மாஸ்டர் என்று பெயர். எதையும் இன்ச்சில்தான் பேசுவான். பஸ் வரத் தாமதமானால் "அரை இன்ச் லேட்டு." வீட்டுக்காரி கோபமாக இருந்தால் "இன்னிக்கு ரெண்டு இன்ச் தள்ளியே நிக்கணும்." என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "மாமா தங்கமான மனுஷன். மூளைதான் ஒரு இன்ச் குட்டை. அதை ஆல்ட்டர் பண்ண முடியாது."

காலர் என்றால் அவனுக்கு உயிர். காலருக்குள் வைக்கும் கேன்வாஸைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல் தடவித்தான் வெட்டுவான். தானே தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பட்டனை மாட்டிக்கொண்டுதான் மிஷினில் உட்காருவான். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்தப் பட்டனைக் கழற்ற மாட்டான். "கடைக்கு எதுக்கு மாமா போர்டு? என் கழுத்துதான் போர்டு."

புதுத் துணி எதுவானாலும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, அப்புறம்தான் கத்திரியை எடுப்பான். எவ்வளவு அவசரக்காரர் வந்து கெஞ்சினாலும் நடக்காது. "நனைக்காம வெட்டுறவன் தையக்காரன் இல்ல, திருடன். துவைச்ச மறுநாளே சட்டை தம்பிக்குத்தான் ஆகும்." இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவனோடு நான் பட்ட பாடெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது நான். ஒருநாள் கழுத்துப் பட்டன் இருந்த இடத்தில் இல்லை. ஓரமாக நகர்ந்திருந்தது. பழைய இடத்தில் ஊசி போன துளைகள் மட்டும் இருந்தன. அடுத்த சட்டையைப் பார்த்தேன், அதிலும் அப்படியே. சில மாதங்கள் போனதும் பட்டன் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போயிருந்தது. இந்த வேகத்தில் போனால் பட்டன் தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போய்விடும் என்று பயந்து கேட்டேன்.

"என்ன மாப்ளே, பட்டன் ஊர்வலம் போகுது?"

"துணி சுருங்கிடுச்சு மாமா."

"நீதான் நனைச்சு வெட்டுறவனாச்சே?"

"நான் நனைச்சுத்தான் வெட்டுறேன். உங்க பெட்டிச் சூட்டுக்கு இரும்பே சுருங்கும், துணி எம்மாத்திரம்?"

பழி என் தலையில். இத்தனைக்கும் அவன் ஆளே இளைத்துக்கொண்டிருந்தான். சட்டையின் உடம்பு தொளதொளவென்று கொடியில் காய்வதுபோல் அவன் மேல் தொங்கியது. காலர் மட்டும் சுருங்கியது. "கெட்டிக்காரத் துணிடா இது. எங்க சுருங்கணும்னு பார்த்துச் சுருங்குது" என்றேன். அவன் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளுக்கு நடுவே என்னவோ முணுமுணுத்தான். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

துணி மட்டுமா! அவன் முகம் அடிக்கடி திடீரென்று சிவந்து, கழுத்துவரை செக்கச்செவேல் என்று ஆகும். அதற்கும் என் பெட்டிதான் காரணமாம். பலகைத் தடுப்பின் சந்துகளில் வெட்டிய துண்டுத் துணிகளைத் திணித்து அடைத்தான். நான் லீவு போட்ட நாளிலும் சிவந்தது. "நேத்து சூடு இன்னும் சுவத்துல இருக்கு" என்றான்.

வயிற்றோட்டத்துக்கு முதலில் பக்கத்து டீக்கடையைக் குற்றம் சொன்னான். அடுத்த டீக்கடைக்கு மாறினான். அதையும் விட்டான். சுற்றுவட்டாரத்தில் இருந்த டீக்கடைக்காரர் அத்தனை பேரோடும் சண்டை போட்டு முடித்துவிட்டு, டீயையே நிறுத்தினான். ஓட்டம் நிற்கவில்லை. பிஸ்கட்டைச் சந்தேகப்பட்டான். தண்ணீரைச் சந்தேகப்பட்டான். காற்று ஒன்றுதான் பாக்கி. உடம்பை மட்டும் சந்தேகப்படவே இல்லை. உடம்பு அவன் சொந்தக்காரனாம், துரோகம் பண்ணாதாம்.

இப்படி இருக்கும்போது என் வீட்டுக்காரிக்கு, அதாவது அவன் அக்காவுக்கு, குரல் கம்மியது. கழுத்தில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. என்னைத் திட்டும்போது பாதி வார்த்தை வெளியே வராமல் காற்றாகப் போயிற்று. எனக்கே பாவமாகி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஊசி குத்திப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. எனக்குப் புரியும்வரை சொன்னார்.

"கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, தைராய்டு. அதுக்குள்ள கொஞ்சம் செல்கள் தனி வேலை பாக்குது. கால்சிடோனின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும். ரத்தத்துல கால்சியம் ஏறினா, எலும்பைக் கரைக்கிற செல்களைப் பார்த்து 'போதும், நிறுத்து'ன்னு சொல்றது அதோட வேலை. அந்தத் தனி செல்கள்லயே புத்துநோய் வந்தா, ஹார்மோன் தாறுமாறாக் கொட்டும். ரத்தத்துல அளவு பார்த்தாலே காட்டிக் குடுத்துடும்."

மேஸ்திரி குடித்துவிட்டு வந்து கண்டபடி கத்துவதுபோலவா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றார் டாக்டரம்மா.

"ரொம்ப அதிகமாக் கொட்டினா சிலருக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கும், முகம் குப்புனு சிவக்கும்..." என்று அவர் சொல்லச் சொல்ல, என் நாற்காலி சூடேறியது. இந்த அம்மா என் மச்சினனை எங்கே பார்த்தார்? அவனைப் பார்த்துத்தான் படித்தாரா?

கடைசியாக ஒன்று சொன்னார். "இது சில குடும்பத்துல வழிவழியா வரும். இவங்களுக்கு இருக்கிறது அந்த வகைதான், பரிசோதனையில தெரிஞ்சுடுச்சு. கூடப்பிறந்தவங்க கட்டாயம் ரத்தம் குடுக்கணும். சீக்கிரம் பிடிச்சா சுரப்பியை எடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம். விட்டா கழுத்தைத் தாண்டிப் போயிடும். அப்புறம் துரத்திக்கிட்டேதான் இருக்கணும்."

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் ஓட்டமாக வந்து இவனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"கால்சியம்தானே? பால்ல இருக்கு. குடிச்சிக்கறேன்."

"டேய், அது வேற, இது வேற. ரத்தம் குடுக்கணும்டா."

"மாமா, எனக்கு எங்கப்பா மூக்கு, எங்கம்மா காது. கழுத்து மட்டும் என் சொந்தச் சம்பாத்தியம். அதுல பரம்பரை பங்கு கேக்க முடியாது."

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். பள்ளிக்கூட யூனிபார்ம் சீசன் முடியட்டும் என்றான். முடிந்தது. மிஷின் பெல்ட் மாற்றிவிட்டு வருகிறேன் என்றான். மாற்றினான். ஊசி என்றால் பயம் என்றான். நாளெல்லாம் ஊசியோடு குடும்பம் நடத்துகிறவன்! வாயில் கொத்தாகக் குண்டூசியைக் கவ்விக்கொண்டே சொன்னான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், நின்ற இடத்தில் ஒரு பேண்ட்டைக் கருக்கிவிட்டேன். அதுவும் அவன் தைத்த பேண்ட்தான்.

அவன் வீட்டுக்காரி சொல்லிப் பார்த்தாள். மகள் சொல்லிப் பார்த்தாள். பட்டன் மட்டும் சொல்பேச்சுக் கேட்டு நகர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியில் அவன் அக்காவே கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. இன்னும் சத்தம் சரியாக வரவில்லை என்பதும் ஒரு காரணம். "டேய் தம்பி, கழுத்தை மூடுற மாதிரி ஒரு சட்டை தைச்சுக் குடு. தழும்பு தெரியாம இருக்கணும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவன் டேப்பை எடுத்தான். அக்கா துப்பட்டாவை விலக்கினாள். கழுத்தின் குறுக்கே தழும்பு, அவசரத்தில் போட்ட ஓட்டுத்தையல்போல. அதன்மேல் டேப் படாமல் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. டேப்பைச் சுருட்டி, மறுபடி நீட்டினான்.

"என்னடா, எத்தனை இன்ச்?"

அவள் அவன் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினாள். "குனி." குனிந்தான். எங்கள் குடும்பத்தில் அவள் 'குனி' என்றால் எல்லோரும் குனிவோம், அது வேறு கதை. அவன் கழுத்துப் பட்டனைக் கழற்றி, டேப்பைச் சுற்றி, படித்துச் சொன்னாள். பழைய காலர் அளவு அவனுக்கு மனப்பாடம். அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு கை தாராளமாக நுழையும்.

இப்போதாவது உணர்வான் என்று பார்த்தால், நிமிர்ந்து, டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"டேப் சுருங்கிடுச்சுக்கா."

அக்கா அந்த டேப்பை அப்படியே வாங்கி என் கழுத்தில் சுற்றினாள். ஒரு இழுப்பு இழுத்தாள். எனக்கு விழி பிதுங்கியது. "உங்க மாமனுக்கு எத்தனைடா?"

அவன் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். என் காலர் அளவு அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"டேப்புல எத்தனை?"

குனிந்து பார்த்தான். அதேதான்.

"அப்போ டேப்பு நல்லாருக்கு" என்றாள்.

என் கழுத்திலிருந்து டேப்பை யாரும் அவிழ்க்கவில்லை. நான் பேச முடியாத நிலையில் இருந்தேன்.

மறுநாள் ரத்தம் கொடுக்கப் போனான். அதிலும் என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, ஷட்டரை மட்டும் இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான். "பகல்ல ஷட்டர் எறங்குனா, மாஸ்டர் போய்ட்டான்னு நெனைச்சிடுவாங்க." திரும்பி வந்ததும் முதல் புகார்: "என் ரத்தத்தை ஐஸ்ல வெச்சுக் கொண்டு போறாங்க மாமா. நான் என்ன மீனா?" அந்த ஹார்மோன் வெளியே வந்தால் சீக்கிரம் கெட்டுவிடுமாம், அதற்குத்தான் ஐஸ். எனக்கு அதைச் சொன்னதும் ஆஸ்பத்திரியில்தான். அவனிடமும் சொல்லியிருப்பார்கள். காதில் விழுந்தாலும் மூளைக்குப் போகும் வழியில் ஏதாவது சுருங்கியிருக்கும்.

அளவு வந்தது. நான் எண்ணைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதையும் இழுத்தேன் என்பீர்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு.

அவன் கழுத்தைத் திறந்து, சுரப்பியையும் பக்கத்தில் வீங்கியிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதற்கு முதல்நாள் அவன் கேட்ட கேள்விகளைச் சொன்னால் டாக்டரம்மாவுக்குக் கோயிலே கட்டுவீர்கள்.

"அந்தச் சாமானை எடுத்துட்டா, எலும்பைக் கரைக்கிறவனுங்களை யாருங்க அடக்குவாங்க? நான் மாவா உதிர்ந்துட மாட்டேனா?"

"மாட்டீங்க. மனுஷங்களுக்கு அது பெரிய ஆள் இல்ல. கால்சியத்தைப் பாத்துக்க வேற சுரப்பிகள் இருக்கு. தைராய்டுக்கு மட்டும் தினம் காலைல வெறும் வயித்துல மாத்திரை போட்டுக்கணும். மீனோட கால்சிடோனின்தான் ரொம்ப வீரியம். அதே மாதிரி செஞ்சு சில எலும்பு வியாதிக்கு மருந்தாவே குடுத்திருக்கோம்."

"மீனுக்கு ஏதும்மா கழுத்து?"

டாக்டரம்மா கையிலிருந்த தாளைப் புரட்டினார். "மீனுக்குச் சட்டை தைக்கச் சொன்னா நான் காலரை எங்க வைப்பேன்?" என்று இவன் விடாமல் கேட்டான். மயக்க ஊசி போடுகிறவர் வந்ததும் எனக்கே ஒரு ஊசி போடச் சொல்லிக் கேட்டேன்.

அக்காவுக்கு அந்த அளவு இப்போது தேடினாலும் கிடைக்காத அளவுக்கு இறங்கிவிட்டது. இவனுக்கு இறங்கியது, ஆனால் தரையைத் தொடவில்லை. ஓட்டம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், ஐஸ், ஸ்கேன், மூக்குக்கண்ணாடி. "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று டாக்டரம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் தினமும் சொல்கிறேன்.

அத்தோடு விட்டானா? மகள் இருக்கிறாள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரம்பரை சமாச்சாரத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், இல்லை என்றால் அவள் வாழ்நாளெல்லாம் நிம்மதி, உண்டு என்றால் முளைக்கும் முன்பே எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். "கூட்டிட்டு வரேன்" என்று தலையாட்டினான். ஆட்டின தலை ஆடிக்கொண்டே இருக்கிறது.

"அவ கழுத்தைப் பாருங்க மாமா, கோழிக்குஞ்சுக் கழுத்து. அதுல என்ன வரப்போகுது?"

"உனக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு."

"புது வேலைல சேர்ந்திருக்கா. கொஞ்ச நாள் போகட்டும். தெரிஞ்சாத்தானே கவலை?"

மகளோ அப்பன் வழி. "அப்பா கூப்பிட்டா வரேன் மாமா" என்பாள். இவன் கூப்பிட மாட்டான், அவள் தானாகப் போக மாட்டாள். நடுவில் என் வீட்டுக்காரி வந்த குரலில் திட்டுவாள், நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவளுக்காவது ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள், என் தொண்டையை யார் தைப்பது?

நேற்று மத்தியானம் இந்தக் கதையைத்தான் கடை பெஞ்சில் காத்திருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் டிரைவர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். என் வீட்டுக்காரி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றாள். இன்ச் மாஸ்டர் தலையைத் தூக்காமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தான். கேட்காததுபோல் கேட்பான், பிடிக்காத இடம் வந்தால் மிஷினை வேகமாக மிதிப்பான். 'டேப் சுருங்கிடுச்சு' என்ற இடத்தில் மிஷின் ரயில்போல ஓடியது.

அப்போது மகள் வேலையிலிருந்து நேராக வந்தாள். கம்பெனியில் கொடுத்த புது யூனிபார்ம் சட்டை. கழுத்துப் பட்டன் திறந்திருந்தது.

"அப்பா, இந்தக் காலர் இறுக்குது. பட்டனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக் குடுங்க. ஒரே தடவைதான் துவைச்சேன். துணி சுருங்கிடுச்சு."

மிஷின் நின்றது.

நான் அவள் சட்டைக் கையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நனைக்காமல் வெட்டிய பருத்தி. கைகூட மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இந்தக் குடும்பத்தில் ஒரு துணி உண்மையிலேயே சுருங்கியிருந்தது. "மாப்ளே, பயப்படாதே. இது நெசமாவே துணிதான்" என்றேன்.

"பாத்தீங்களா, துணி சுருங்கும்னு மாஸ்டர் அப்பவே சொன்னாருல்ல? அவரைப் போய்க் கிண்டல் பண்ணீங்க" என்று டிரைவர் எழுந்தார்.

"யோவ், அவர் கழுத்துக்கும் இதைத்தானய்யா சொன்னாரு? கதையை முழுசாக் கேட்டீரா, தூங்கினீரா?" என்றார் வாத்தியார்.

"நீங்க பாடம் நடத்தினா தூங்குவாங்க, இவர் சொன்னா யார் தூங்குவா?"

"கையும்தான் சுருங்கியிருக்கு, கண்ணு தெரியலையா?" இது நான்.

"நீங்க வாயை மூடுங்க. துணிதான் துணிதான்னு நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" இது என் வீட்டுக்காரி. அவ்வளவு சத்தம் அவளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நேற்றுதான் வந்தது. பாத்திரத்தின் மூடி கீழே விழுந்து உருண்டது. டிரைவர் வாத்தியாரின் குடையைப் பிடித்து இழுத்தார், ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

அந்தக் கூச்சலில் திடீரென்று கடை இருட்டியது. "யாருய்யா அது?" என்று வாத்தியார் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். மிஷின் மேல் டேப் சுருண்டு கிடந்தது. பட்டப்பகலில் ஷட்டர் கிறீச்சென்று இறங்கி முழங்கால் உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்புகள், ஒன்று முன்னால், ஒன்று இழுபட்டுப் பின்னால், ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தன.